என் காலில் இருப்பது கப்பல் ஆட்டம் இல்லை

குமரேசனுக்கு அம்மா எழுதுவது. நலம் என்று ஆரம்பிக்க முடியாது. அந்த நலம் எங்கே போயிற்று என்று கேட்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை நீ தனியாகப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளாதே. சாயங்காலம் உன் மாமனார் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் காப்பி குடிக்க உட்காருவீர்களே, அப்போது இதை வசந்தாவிடம் கொடு. உன் பெண்டாட்டிக்கு நல்ல தெளிவான குரல், அவள் உரக்கப் படிக்கட்டும். உன் மாமியார் கேட்கட்டும், அவர் தங்கை வந்திருந்தால் அவரும் கேட்கட்டும். கல்யாண மண்டபத்தில் அத்தனை பேருக்கு நடுவில் நடந்ததற்கு, கதவைச் சாத்திக்கொண்டு பதில் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள்தான் நான். ஆனாலும் யாரையும் கெஞ்சி எழுத வைக்காமல் என் கடிதத்தை நானே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் வசந்தா நிறுத்தி நிதானமாகப் படிக்கட்டும். வலது கையில் பென்சில் இருக்கிறதா நழுவிவிட்டதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

கோபமாக இருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் ஏதாவது பாசமாக எழுதிவிட்டால் ஆறிவிட்டேன் என்று நீ நினைத்துக்கொள்ளக் கூடாது. நீ லீவு முடிந்து கப்பல் ஏறிப் போனபிறகு நான் ஒருநாள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. டாக்டர் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அரே மாஜி, ஆப் கயீ நஹி?" என்றார். நீங்கள் போகவில்லையா என்று. எங்கே போகவேண்டும் என்று கேட்டேன். மெட்ராஸுக்கு, நரம்பு டாக்டரிடம் என்றார். அன்றைக்கே சீட்டு எழுதித் தருகிறேன் என்று உங்கள் பையனிடம் சொன்னேனே, "ஆப்கே பேட்டே நே மனா கியா" என்றார். என் மகன் வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். அம்மாவுக்குக் கல்யாண அலைச்சல், கப்பல் அசதி, மனசு கொஞ்சம் குழம்பிப் போயிருக்கிறார்கள், ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று சொன்னானாம். என் காலுக்கு, என் கைக்கு, என் கண்ணுக்கு நீ பதில் சொல்லி அனுப்பிவிட்டு, அன்று மத்தியானம் என் கையால் மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாய்.

முதலிலிருந்து சொல்கிறேன், கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எங்கள் அந்தமான் தீவைப் பற்றி ஒன்றும் தெரியாது. இங்கிருந்து மெயின்லேண்ட் போய்வருகிற எல்லோருக்கும், கப்பலை விட்டு இறங்கியபின் இரண்டு மூன்று நாள் தரை ஆடும். அடுப்புக்கு முன்னால் நின்றால் அடுப்பு ஆடும், படுத்தால் பாய் ஆடும். அதற்கு யாரும் வைத்தியம் பார்ப்பதில்லை. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து குடி, வெறுங்காலோடு மண்ணில் நட, போய்விடும் என்பார்கள். உன் கல்யாணம் முடிந்து நானும் அப்பாவும் திரும்பி வந்தபோது எனக்கும் ஆடியது. சிரித்துக்கொண்டேன். ஒரு வாரம் போயும் ஆடியது. மாதம் திரும்பியும் ஆடியது. மின்னி பே கடலோரத்தில் நம் இட்லிக்கடைக்கு வருகிற, ஜெட்டியில் கப்பல் சரக்கு இறக்குகிற கூலிக்காரர்கள் நான் தட்டோடு ஒருபக்கம் சாய்வதைப் பார்த்துவிட்டு, "மௌசி, ஜஹாஸ் சே அபீ தக் உத்ரீ நஹி க்யா?" என்று கத்துவார்கள். சித்தி இன்னும் கப்பலை விட்டு இறங்கவில்லை என்று அவர்களுக்குச் சிரிப்பு. நானும் விடாமல், "கேப்டன் என்னை இறங்கவிட மாட்டேங்கிறான்டா, என் சட்னி மேல அவனுக்கு அவ்வளவு ஆசை" என்பேன். இந்தத் தமாஷிலேயே நாலைந்து மாதம் ஓடிவிட்டது. மெயின்லேண்டில் ஒருத்தி இப்படித் தள்ளாடினால் அவளுக்குக் காலில் என்ன கோளாறு என்று யாராவது கேட்டிருப்பார்கள். எங்களுக்கோ கப்பல் என்று ஒரு காரணம் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. எல்லோரும் அதையே எடுத்து என் காலடியில் போட்டார்கள். நானும் எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் மாவு கரைத்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. உன் கல்யாணத்துக்குப் பலகாரம் சுட்டு டின்னில் அடைக்க மாயாபந்தரிலிருந்து உன் அக்கா வந்திருந்தாளே, அப்போது நான் கப்பல் பக்கமே போகவில்லை. அதிரசம் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா திடீரென்று, "அம்மா, கையைப் பாரும்மா!" என்று அலறினாள். வலது கையில் கடைசி இரண்டு விரலும் எண்ணெய்ச் சட்டியின் விளிம்பில் இருக்கின்றன, தோல் வெளுத்துக் கொப்புளம் எழும்பிவிட்டது, எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. சூடு தெரியவில்லை, வலி தெரியவில்லை. அன்றைக்கு அதையும் சிரித்துத் தள்ளினேன், அடுப்படிக் கை காய்த்துப் போயிருக்கும் என்று. கப்பல் ஆளை ஆட்டும், ஒப்புக்கொள்கிறேன். கப்பல் ஏறுவதற்கு முன்பே விரலை மரக்கவைக்குமா? இதை நான் உன்னிடம் சொன்னேன். நீ லீவில் வந்த இரண்டாம் நாள், கிணற்றடியில் வைத்துச் சொன்னேன். "சரிம்மா, சரிம்மா" என்று பல் துலக்கிக்கொண்டிருந்தாய்.

இனி மண்டபத்துக்கு வருகிறேன். தாலி கட்டி முடிந்து நான் வெற்றிலைத் தட்டோடு எழுந்தேன். வலது கால் என்னோடு வரவில்லை. தட்டு போயிற்று, பாக்கு உருண்டது, நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். உன் மாமியாரின் தங்கை, பச்சைப் பட்டு கட்டியிருந்தவர், பக்கத்து அம்மாளிடம் குரலைத் தாழ்த்தாமலே, "அந்தமான்ல பொம்பளைங்களும் ஊத்திக்குவாங்களாமே, காலங்காத்தாலயேவா?" என்றார். அந்த அம்மாள், "பின்னே, கைதிங்க வம்சம்தானே" என்றார். இரண்டு பேரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். நீ மாலையோடு ஓரடி தள்ளி நின்றாய். சின்ன வயதில் கடலில் போகிற கப்பல் ஊதுவதை வைத்தே எந்தக் கப்பல் என்று சொல்லுகிற காது உன்னுடையது. அது கேட்காமல் இருந்திருக்காது. நீ குனிந்து பாக்கைப் பொறுக்கினாய். பொறுக்கிக்கொண்டே, "நாங்க கைதி வம்சம் இல்லைங்க, நாங்க பின்னால வந்து குடியேறினவங்க" என்று அவர்களைப் பார்த்துச் சொன்னாய். எங்க அம்மா குடிக்கமாட்டாங்க என்று சொல்லவில்லை. பிறகு என் காதுப்பக்கம் வந்து, "அம்மா, கொஞ்சம் உள்ள போய் உக்காரும்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்றாய். என் கால் ஏன் வரவில்லை என்று அந்த மண்டபத்தில் கேட்டவள் ஒருத்திதான். கழுத்தில் ஏறிய தாலியின் மஞ்சள்கூட அவளுக்குக் காயவில்லை. "அத்தை, காலுக்கு என்ன?" என்று கேட்டு, மணமேடையிலிருந்து எழுந்து வந்து எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள். வசந்தா, இதைப் படிக்கும்போது கூச்சப்பட்டுத் தாண்டிப் போகாதே, இதையும் உரக்கப் படி.

பச்சைப் பட்டு அம்மாளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் குடித்ததில்லை. இந்தத் தீவின் சௌல்தாரிக் காட்டில் நாள் முழுக்க அட்டைக்கடியோடு மழையில் நின்று காடு வெட்டிய பெண்கள் சிலர் சாயங்காலம் ஒரு மடக்குக் குடித்தார்கள், அவர்களை நான் ஒருநாளும் என்னைவிடக் குறைவாக நினைத்ததில்லை. கைதி வம்சம் என்று சொல்லிச் சிரித்தீர்களே, அந்த வம்சத்தில் வந்த ஒருத்தியைப் பற்றியும் சொல்கிறேன். அவள் பெயர் ஜைனப். நாங்கள் சௌல்தாரிக்கு வந்து குடியேறிய புதிதில் எங்களுக்கு அடுத்த வீடு அவளுடையது. குமரேசன் அவளைச் சாச்சி என்று கூப்பிடுவான். அவள் தாத்தாவை வெள்ளைக்காரன் சங்கிலி போட்டுக் கொண்டுவந்து இறக்கினான். அவள் எந்தச் சங்கிலியும் இல்லாமல் என் பிள்ளைக்காக ஓடினாள்.

குமரேசா, உனக்கு அப்போது ஏழு வயது. விறகுக் கட்டுக்குள் கையை விட்டாய், பூரான் கடித்தது. இந்தத் தீவுப் பூரான் தமிழ்நாட்டுப் பூரான் மாதிரி இல்லை, ஒரு சாணுக்கு மேல் இருக்கும், இங்கே காங்கஜூரா என்பார்கள். கை தோள்வரை வீங்கிவிட்டது. உன் அப்பா கொத்து வேலைக்குத் தூரத்து முகாமுக்குப் போயிருந்தார். நானும் ஜைனப்பும் உன்னை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, மரம் ஏற்றி வந்த லாரியை மறித்து ஏறினோம். உனக்கு நெருப்பாய்க் காய்ச்சல், பல் கிட்டியது, கண் செருகியது. ஆஸ்பத்திரியில் என்னைக் கதவுக்கு வெளியே தள்ளினார்கள். "பாஹர் பைட்டோ, பாஹர் பைட்டோ." வெளியே உட்கார் என்று. எனக்கு அப்போது இந்தியில் வாங்க, போங்க, அரிசி, உப்பு என்பதற்கு மேல் தெரியாது. கொஞ்சம் தமிழ் தெரிந்த ஜைனப்பிடம் கேட்டேன், பிள்ளை பிழைக்குமா என்பதை இவர்கள் பாஷையில் எப்படிக் கேட்பது என்று. "பச்சா பசேகா?" என்று சொல்லிக்கொடுத்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒவ்வொருவர் முன்னாலும் நின்று அதையே கேட்டேன். பச்சா பசேகா? பச்சா பசேகா? ஒருவர் திட்டினார், ஒருவர் கையைப் பிடித்து வெளியே விட்டார், நான் மறுபடியும் போனேன். கடைசியில் ஒரு வயதான டாக்டர் என்னை உட்காரவைத்து, விரலைக் காட்டி, ஊசியைக் காட்டி, இன்னது நடக்கிறது, இன்னது நடக்கலாம் என்று சைகையிலேயே புரியவைத்தார். என் பிள்ளைக்கு என்ன என்று தெரியாமல் நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அந்தப் பிள்ளைதான் இன்றைக்கு, எனக்கு என்ன என்பதை நான் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று முடிவு செய்கிறான்.

லீவில் நீ என்னை டாக்டரிடம் கூட்டிப்போன அன்று நடந்ததைச் சொல்கிறேன், ஞாபகம் தப்பாக இருந்தால் திருத்து. அன்று பார்த்து என் கால்கள், இன்ஸ்பெக்டர் வந்த நாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடப்பது மாதிரி ஒழுங்காக நடந்தன. எனக்கு என் கால்மேலேயே ஆத்திரம் வந்தது. வீட்டில் கதவு நிலையில் இடிக்கிறாய், கடையில் சாய்கிறாய், டாக்டர் முன்னால் மட்டும் நல்ல பெயர் வாங்குகிறாயா என்று. டாக்டர் முட்டியில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னார், சாய்ந்தேன், நீ பிடித்தாய். பிறகு உள்ளங்காலில் சாவியால் ஒரு கோடு இழுத்தார். பெருவிரல் தானாக மேலே தூக்கிக்கொண்டது. நான் தூக்கவில்லை. அவர் மறுபடி இழுத்தார், மறுபடி தூக்கியது. அப்புறம் நாற்காலியை உன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார். நீயும் இங்கிலீஷில் பதில் சொன்னாய். அவர் என்னோடு எப்போதும் இந்தியில் பேசுகிறவர். நீ என்னோடு தமிழ் பேசுகிறவன். எனக்குத் தெரிந்த இரண்டு பாஷையையும் விட்டுவிட்டு, எனக்குத் தெரியாத பாஷைக்குள் போய் நின்றுகொண்டு என் காலைப் பற்றி இரண்டு பேரும் பேசினீர்கள். எனக்கு வார்த்தை புரியவில்லை. உன் முகம் புரிந்தது. நான் பெற்ற முகம் அது, அதைப் படிக்க எனக்கு இங்கிலீஷ் வேண்டாம்.

வெளியே வந்து கேட்டேன், "என்னடா சொன்னார்?"

"ஒண்ணுமில்லம்மா. கப்பல் அசதி. கொஞ்சம் ரத்தம் கம்மியா இருக்காம். டானிக் எழுதிக் குடுத்திருக்கார்."

"இவ்வளவு நேரம் பேசினது டானிக்கைப் பத்தியா?"

"நீயா எதையாவது கற்பனை பண்ணிக்காதம்மா."

அந்த வார்த்தையை நான் இன்னும் மெல்ல முடியாமல் வாயில் வைத்திருக்கிறேன். கற்பனை. உன் அப்பா கொத்தனார், அவர்கூட என்னை அப்படிச் சொல்லவில்லை. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்காமல் கடல் தாண்டி வந்ததுதான் காரணம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கயிறு மந்திரித்துக் கொண்டுவந்து கட்டினார். "நீ நம்பலைன்னா போ, நான் நம்பிக் கட்டுறேன், கையை நீட்டு" என்றார். கட்டிக்கொண்டேன். அவருக்கு என் நோய் இருப்பதாவது தெரிகிறது. உனக்கு அது இல்லவே இல்லை.

காலையில் கண் விழித்ததும் நான் முதலில் செய்வது என்ன தெரியுமா? கட்டை விரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பேன். தொட்டது தெரிந்தால் அன்றைக்கு மாவரைக்கலாம். தெரியாவிட்டால் இடது கையால் செய்கிற வேலை மட்டும். சில நாள் பார்க்கிறதெல்லாம் இரண்டாகத் தெரியும். அலமாரி இரண்டு, அப்பா இரண்டு. ஒருவரைச் சமாளிப்பதே பாடு என்று அவரிடம் சொன்னேன், அந்த மனிதர் சிரிக்காமல் அழுதுவிட்டார். பிறகு ஒரு வாரம் எல்லாம் சரியாக இருக்கும். கை கை மாதிரி, கண் கண் மாதிரி. அந்த நல்ல வாரம்தான் எனக்குப் பெரிய கேடு. "இன்னிக்கு நல்லாத்தானே இருக்கே" என்று பக்கத்து வீட்டில் கேட்கும்போது, ஏதோ பொய் சொல்லிப் பிடிபட்டவள் மாதிரி நிற்கிறேன். வயசு என்கிறார்கள். ஐம்பதை இன்னும் தொடாதவளுக்கு என்ன வயசு? ராத்திரி தூங்கு என்கிறார்கள், பழையதைக் குறை என்கிறார்கள், பையன் தூரத்தில் போய்விட்ட ஏக்கம் என்கிறார்கள். ஏக்கமாம்! உன்னை நினைத்து ஏங்குகிறவளுக்குப் பெருவிரல் மேலே தூக்குமா? நோய்க்கு ஒரு பெயர் இருந்தால் அதைத் திட்டலாம், அதோடு பேரம் பேசலாம், அதற்கென்று ஒரு மூலையை ஒதுக்கிவிட்டு மிச்ச வீட்டில் நான் நடமாடலாம். பெயர் இல்லாததால் அது வீடு முழுக்க உட்கார்ந்திருக்கிறது.

தனியாகப் போன அன்று டாக்டரைப் பிடித்துக்கொண்டேன். என்ன நோய் என்று சொல்லாமல் எழுந்திருக்கமாட்டேன் என்றேன். அவர் இந்தியிலேயே சொன்னார், மெதுவாக, நான் தலையாட்டும்வரை காத்திருந்து காத்திருந்து. நரம்பில் ஏதோ இருக்கிறது, அது மட்டும் நிச்சயம். தலையிலா முதுகுத்தண்டிலா என்று இங்கே வைத்துச் சொல்ல முடியாது. மெட்ராஸில் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்ப்பார்கள், தலையைப் படம் எடுப்பார்கள், உடனே தெரிந்தாலும் தெரியும், மாதக்கணக்கில் இழுத்தாலும் இழுக்கும், கடைசிவரை பெயர் சொல்லாமலே திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள். "செத்துப் போயிடுவேனா, டாக்டர் சாப்?" என்று கேட்டேன். "நஹி மாலூம், மாஜி" என்றார். தெரியாது என்று. குமரேசா, இத்தனை மாதத்தில் என்னிடம் ஒருவர் உண்மை பேசியது அப்போதுதான். தெரியாது என்கிற ஒரு சொல்லைக் கேட்டு வீடுவரை தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்து வந்தேன். அன்றைக்கும் கால் இழுத்தது, இழுத்துவிட்டுப் போகட்டும் என்று நடந்தேன்.

நீ ஏன் வேண்டாம் என்றாய் என்று பல விதமாக யோசித்துவிட்டேன். மெட்ராஸ் வந்தால் நான் எங்கே தங்குவேன்? மாமனார் வீட்டு மாடியில் குடியிருக்கிற மாப்பிள்ளையின் வீட்டில்தான். கீழே பச்சைப் பட்டு அம்மாள் வருவார் போவார். நான் மாடிப்படியில் சாய்ந்து சாய்ந்து இறங்குவேன். அன்றைக்குப் பாக்குப் பொறுக்கினாய், இனி தினமும் எதையாவது பொறுக்கவேண்டி வரும். இது ஒரு காரணம். இன்னொன்று, நீ பயந்திருக்கலாம். அந்த டாக்டர் சொன்னது காதில் விழாத மாதிரி இருந்துவிட்டால் இல்லாமலே போய்விடும் என்று தோன்றியிருக்கலாம். இந்த இரண்டாவதுதான் காரணம் என்றால் உனக்குக் கொஞ்சம் குறைத்துத் திட்டு விழும், அவ்வளவே. பயந்தால் என்னிடம் வந்து பயப்படு. "அம்மா, எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லியிருந்தால் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து இரண்டு பேருமாகப் பயந்திருப்போம். என் பயத்தை எனக்குத் தெரியாமல் எடுத்து ஒளித்துவைக்க உனக்கு உரிமை கிடையாது. என்னுடையது அது.

உனக்குக் கல்யாணம் ஆகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள், அதனால் நான் ஏற்கெனவே பாட்டி, மாயாபந்தர் ஜெட்டியில் அந்த இரண்டும் "அம்மாச்சி" என்று கத்திக்கொண்டு ஓடிவருவதைப் பார்த்தால் நானே கவர்னராக வந்திறங்குகிற மாதிரி இருக்கும் எனக்கு. நாளைக்கு வசந்தா உண்டாவாள். ஒருநாள் தலை சுற்றுகிறது என்பாள், இடுப்பு விட்டுப்போகிறது என்பாள், காரணம் சொல்லத் தெரியாத ஒன்றைச் சொல்வாள். அப்போது உன் வாயிலிருந்து கற்பனை என்கிற சொல் வரக்கூடாது. முதலில் நம்பு. நம்பிவிட்டு என்ன என்று பார். ஒன்றுமில்லை என்று ஆனால் சந்தோஷம், யாருக்கும் நஷ்டமில்லை. அவள் உடம்புக்குள் நீ இல்லை, அவள்தான் இருக்கிறாள், அவள் சொல்வதுதான் அங்கிருந்து வருகிற ஒரே சேதி. இதை உனக்கு உன் மாமனார் சொல்லித் தரமாட்டார், ஆபீஸிலும் சொல்லித் தரமாட்டார்கள். என்னிடமிருந்து எடுத்துக்கொள்.

இனி நடக்கப்போவது இது. டாக்டரிடம் சீட்டு வாங்கிவிட்டேன், என் பெயரில், என் கையில். அடுத்த மெட்ராஸ் கப்பலில் அடுக்குப் படுக்கை போட்ட பங்க் கிளாஸில் இடம் சொல்லியாயிற்று. அப்பா வரவில்லை. கடையை மூடச் சொல்லி நீ அவரிடம் சொல்லிவிட்டுப் போனாயாம். மூடவில்லை. நான் திரும்பும்வரை அவரே இட்லி ஊற்றப்போகிறார், கூலிக்காரர்கள் பாவம், கல் பூசுகிற கையால் வார்த்ததைத் தின்னட்டும். உன் மாடிக்கு நான் வரவில்லை. ஜைனப்பின் மகள் மெட்ராஸில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள், அங்கே தங்குகிறேன். ஆமாம், கைதி வம்சத்து வீட்டில். அவள் ஆஸ்பத்திரி வாசல்வரை கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். வசந்தா வந்து என்னைப் பார்க்க ஆசைப்பட்டால் யாரும் தடுக்கவேண்டாம்.

நீ வருவதென்றால் எப்படி வரவேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். என் பக்கத்தில் உட்காரவேண்டும், டாக்டர் பக்கத்தில் இல்லை. அவர் இங்கிலீஷில் ஆரம்பித்தால் கையை நீட்டி நிறுத்தி, "ஒரு நிமிஷம் சார், அம்மாகிட்ட சொல்லிக்கிறேன்" என்று சொல்லவேண்டும். சொல்லிவிட்டு, அவர் சொன்னதை அப்படியே தமிழில் சொல்லவேண்டும். கெட்ட சேதியாக இருந்தாலும், நீளமான பெயராக இருந்தாலும், தெரியாது என்பதாக இருந்தாலும், குறைக்காமல், இனிப்புத் தடவாமல். நிறுத்தி நிறுத்திச் சொன்னாலும் நான் காத்திருக்கிறேன். என் கால் தடுமாறி அந்த வராந்தாவில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தால் நீ குனிந்து எதையும் பொறுக்காமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். இவ்வளவுதான். இது முடியாதென்றால் வராதே. வந்துவிட்டு, இல்லாத மாதிரி நிற்பதை நான் மண்டபத்தில் ஒருமுறை பார்த்துவிட்டேன், போதும்.

பெரிய ஆஸ்பத்திரியில் உள்ளே விடும் முன்னால் ஒரு நர்ஸ் சீட்டை வாங்கிப் பார்ப்பாளாம். பெயர் கேட்பாள், ஊர் கேட்பாள். அந்தமான் என்று நிமிர்ந்து சொல்வேன். அப்புறம், "கூட யாரு வந்திருக்காங்க?" என்று கேட்பாள். என் மகன் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்கே தெரியும். யாரும் இல்லை, நானேதான் வந்தேன் என்று சொல்லவும் எனக்கு நன்றாகத் தெரியும்.

கோபத்தோடு,
உன் அம்மா.